வடிகட்டியும் வரக்காப்பியும்: காப்பிச் சேர்மங்களும் இரத்தக் கொலஸ்டிராலும் குறித்த ஆய்வு வரலாறு, போடி மலையடிவாரத்தை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

காப்பி அருந்துவது இரத்தத்தில் கொலஸ்டிராலை உயர்த்துமா என்னும் வினா 1983-இல் நார்வே நாட்டின் துரோம்சோ நகரில் வலுவாக எழுந்தது. 1990-களில் நெதர்லாந்தின் வாகனிங்கன் நகர ஆய்வாளர்கள் அதற்கு விடை கண்டனர். கொட்டையின் எண்ணெயிலுள்ள கஃபெஸ்டால், கஹ்வியோல் ஆகிய இரு சேர்மங்களே காரணம் என்பதும், அவை குவளையை அடைவதும் அடையாததும் காய்ச்சும் முறையைப் பொறுத்தது என்பதும் அவ்விடையின் சாரம். இக்கட்டுரை அவ்வாய்வு வரலாற்றைக் காலமுறையில் தொகுத்து, அதனைத் தமிழரின் காப்பி காய்ச்சும் முறைகளோடு பொருத்திப் பார்க்கிறது. பில்டரில் இறக்கும் டிகாஷனும் வடிகட்டாமல் தெளியவிட்டு அருந்தும் வரக்காப்பியும் இவ்வகையில் ஒன்றல்ல என்பதையும், 'எத்தனை குவளை' என்று மட்டும் கேட்கும் நலவாழ்வுக் கணக்கெடுப்பு மலையடிவார மக்களின் நிலையைத் தவறாகக் காட்டக்கூடும் என்பதையும் இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

திறவுச் சொற்கள்: காப்பி, வரக்காப்பி, டிகாஷன், கஃபெஸ்டால், கஹ்வியோல், கொலஸ்டிரால், போடிநாயக்கனூர், சிலமலை

1. முன்னுரை

தேனி மாவட்டம் போடிநாயக்கனூருக்கு அருகில், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் அமைந்த ஊர் சிலமலை. இவ்வட்டாரத்து ஊர்களிலிருந்து ஏலத்தோட்ட வேலைக்குச் செல்வோர் விடியுமுன் ஜீப்புகளில் புறப்பட்டு, போடிமெட்டு வழியாகக் கேரளத்தின் இடுக்கி மாவட்டத் தோட்டங்களை அடைகின்றனர். போடி ஏலக்காய்ச் சந்தையால் பெயர் பெற்ற நகரம். எனினும் அதன் மேலுள்ள குரங்கணி, கொட்டகுடி, அகமலைச் சரிவுகளில் காப்பியும் விளைகிறது. ஆகவே இப்பகுதி மக்களுக்குக் காப்பி கடையில் வாங்கும் பொருள் மட்டுமன்று; காயவைத்து, வறுத்து, இடித்துப் பயன்படுத்தும் விளைபொருளுமாகும்.

விடியற்காலையில் அடுப்பில் ஏறுவது பெரும்பாலும் வரக்காப்பி. கொதிக்கும் நீரில் காப்பித்தூளும் கருப்பட்டியோ சர்க்கரையோ இட்டு, பொங்கி அடங்கியதும் இறக்கி, தூள் அடியில் தங்கும்வரை சற்றே தெளியவிட்டு, மேலாக ஊற்றி அருந்துவர். பால் சேர்ப்பதில்லை. அடியில் தங்குவதை 'மண்டி' என்பர்.

இக்கட்டுரைக்கான வினா ஓர் உரையாடலில் தோன்றியது. சிலமலையில் உறவுமுறையில் பெரியம்மாவாகிய ஒருவருக்கு இரத்தக் கொழுப்பு மிகுந்திருப்பதாக மருத்துவ முகாம் ஒன்றில் கூறப்பட்டது. பாலைக் குறைக்குமாறு அறிவுறுத்தப்பட்டதும் அவர் பில்டர் காப்பியைக் கைவிட்டார். "பால விட்டுட்டேன்ப்பா, இப்ப வெறும் வரக்காப்பிதான். ஒரு நாளைக்கு அஞ்சு தடவகூட ஆகும்" என்று நிறைவோடு சொன்னார். பாலை விட்டது நல்ல முடிவே. ஆனால் பில்டரை விட்டது நல்ல முடிவா என்பதே இக்கட்டுரையின் வினா.

அதற்கு விடை காண இரு வரலாறுகளை ஒருங்கே படிக்க வேண்டியுள்ளது. ஒன்று, கடந்த நாற்பது ஆண்டுகளாக மருத்துவ அறிவியல் காப்பியை ஆராய்ந்த வரலாறு. மற்றொன்று, தமிழர் காப்பியைக் காய்ச்சியும் வடித்தும் வந்த முறைகளின் வரலாறு. முன்னதற்கு வெளியிடப்பட்ட மருத்துவ ஆய்வுகளும், பின்னதற்குச் சமூக வரலாற்று எழுத்தும் மொழிவழக்கும் கட்டுரையாளரின் வட்டார அனுபவமும் ஆதாரங்களாகக் கொள்ளப்பட்டுள்ளன.

2. கொட்டையின் எண்ணெய்: சேர்மங்கள் கண்டறியப்பட்ட காலம்

காப்பிக் கொட்டையில் கொலஸ்டிரால் இல்லை. ஆனால் அதில் எண்ணெய் உண்டு. உலர்ந்த அராபிகா கொட்டையின் எடையில் ஏறக்குறைய 15 விழுக்காடும், ரொபஸ்டா கொட்டையில் ஏறக்குறைய 10 விழுக்காடும் கொழுப்புப் பொருளாகும். அவ்வெண்ணெயில் சோப்பாக மாறாது எஞ்சும் பகுதியை ஆராய்ந்த வேதியியலாளர்கள் 1932-இல் கஹ்வியோலையும், 1938-இல் கஃபெஸ்டாலையும் விவரித்தனர். காப்பியைக் குறிக்கும் 'கஹ்வா' என்னும் அரபுச் சொல்லே முன்னதன் பெயரில் உள்ளது. தமிழின் 'காப்பி', இலங்கை, மலேசியத் தமிழின் 'கோப்பி' ஆகிய வடிவங்களும் பல மொழிகளைக் கடந்து வந்த அதே சொல்லின் வழித்தோன்றல்களே.

இவ்விரண்டும் டைடெர்பீன் என்னும் வேதியியல் வகுப்பைச் சேர்ந்தவை. கஃபெஸ்டால் அராபிகா, ரொபஸ்டா ஆகிய இரண்டிலும் உண்டு. கஹ்வியோல் பெரும்பாலும் அராபிகாவில் காணப்படுவது. கண்டறியப்பட்டபோது இவை வேதியியலாளரின் ஆர்வத்திற்குரிய பொருள்களாக மட்டுமே இருந்தன. இவற்றுக்கும் மனிதரின் இரத்தத்திற்கும் உள்ள தொடர்பு தெளிவாக மேலும் அரை நூற்றாண்டு ஆயிற்று.

இவ்விடத்தில் ஒரு பொதுக்கருத்தைத் திருத்திக்கொள்ள வேண்டும். காப்பி என்றதும் பலருக்கு நினைவில் எழுவது கஃபீன். நெஞ்சுப் படபடப்பு, தூக்கமின்மை ஆகியவற்றோடு அதனைச் சேர்த்துப் பேசுவதால், கொலஸ்டிரால் உயர்வுக்கும் அதுவே காரணம் எனக் கருதுவோர் உளர். பின்வரும் ஆய்வுகள் காட்டுவதுபோல, கஃபீன் முழுமையாக உள்ள காப்பியே வடிகட்டப்பட்டபோது கொலஸ்டிராலை உயர்த்தவில்லை.

3. துரோம்சோவில் எழுந்த வினா

நார்வேயின் வடகோடியில், ஆர்க்டிக் வட்டத்துக்கு அப்பால் உள்ளது துரோம்சோ. அங்கு நடைபெற்ற இதயநல ஆய்வின் ஒரு பகுதியாக, 14,500-க்கும் மேற்பட்ட ஆண் பெண்களின் காப்பிப் பழக்கமும் இரத்தக் கொலஸ்டிரால் அளவும் ஒப்பிடப்பட்டன. டாக் தெல்லே உள்ளிட்ட ஆய்வாளர்கள் 1983-இல் அதன் முடிவை வெளியிட்டனர். குவளைகளின் எண்ணிக்கை கூடக் கூடக் கொலஸ்டிராலும் கூடியிருந்தது. வயது, உடல் எடை, புகைப்பழக்கம் முதலியவற்றைக் கணக்கில் கொண்ட பின்னரும் அத்தொடர்பு நீங்கவில்லை.

பிற நாடுகளின் ஆய்வுகள் இதனோடு ஒத்துப்போகவில்லை. சிலவற்றில் தொடர்பு வலுவற்றிருந்தது; சிலவற்றில் தொடர்பே தெரியவில்லை. 'காப்பி' என்னும் ஒரே சொல்லின்கீழ் வெவ்வேறு பானங்கள் எண்ணப்பட்டுக்கொண்டிருந்தன என்பது அப்போது புலப்படவில்லை. அமெரிக்கரும் நெதர்லாந்தினரும் பெரும்பாலும் தாள் வடிகட்டியில் இறக்கிய காப்பியை அருந்தினர். ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரைச் சேர்ந்த மெலிட்டா பென்ட்ஸ் என்னும் இல்லத்தரசி 1908-இல் காப்புரிமை பெற்ற வடிகட்டியின் வழிவந்தது அம்முறை. வட நார்வேயிலோ கரகரப்பாக அரைத்த தூளை நீரிலிட்டுக் கொதிக்கவைத்து, தெளியவிட்டு, வடிகட்டாமல் ஊற்றிக் குடிப்பதே வழக்கமாக இருந்தது.

சிலமலையின் அடுப்படியை அறிந்தவருக்கு இந்த விவரணை புதிதன்று. கருப்பட்டியை நீக்கிவிட்டால் துரோம்சோவின் காப்பியும் நம் வரக்காப்பியும் செய்முறையால் ஒன்றே.

1985-இல் அதே துரோம்சோவில், கொலஸ்டிரால் மிகுந்த ஆண்களிடையே நடத்தப்பட்ட மற்றோர் ஆய்வு, காப்பியை நிறுத்தியவர்களிடம் கொலஸ்டிரால் இறங்குவதைக் காட்டியது. முதல் ஆய்வு ஒரு தொடர்பைச் சுட்டியது. இது காரண உறவை நோக்கி ஓர் அடி முன்னே வைத்தது. காய்ச்சும் முறையின் மீது ஆய்வாளர்களின் பார்வை திரும்பியது.

4. வடிகட்டியின் பங்கு நிறுவப்பட்டமை

நெதர்லாந்தின் பாக், குரோபி ஆகிய இருவர் 1989-இல் வெளியிட்ட ஆய்வு இவ்வரலாற்றில் ஒரு திருப்பம். இயல்பான கொலஸ்டிரால் கொண்ட 107 இளையோர் மூன்று பிரிவுகளாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு பிரிவினர் கொதிக்கவைத்த காப்பியையும், மற்றொரு பிரிவினர் தாளில் வடித்த காப்பியையும் நாள்தோறும் நான்கு முதல் ஆறு குவளை அருந்தினர். மூன்றாம் பிரிவினர் காப்பியே அருந்தவில்லை. ஒன்பது வாரங்களில், கொதிக்கவைத்த காப்பியை அருந்தியோரின் கொலஸ்டிரால் லிட்டருக்கு 0.48 மில்லிமோல் உயர்ந்தது. நம் ஆய்வுக்கூட அறிக்கைகளின் அலகில் இது டெசிலிட்டருக்கு ஏறக்குறைய 19 மில்லிகிராம். வடித்த காப்பியை அருந்தியோரிடம் இவ்வுயர்வு இல்லை.

அடுத்த வினா, கொதிக்கவைத்த காப்பியில் உள்ள எப்பொருள் இதனைச் செய்கிறது என்பது. மார்ட்டின் காட்டனும் உடன் ஆய்வாளர்களும் வாகனிங்கனில் இதனைப் படிப்படியாக அணுகினர். 1990-இல் கொதிக்கவைத்த காப்பியிலிருந்து கொழுப்புப் பகுதியைத் தனியே பிரித்துத் தன்னார்வலருக்குக் கொடுத்தனர், கொலஸ்டிரால் கூடியது. 1991-இல் அதே கொதிக்கவைத்த காப்பியைத் தாளில் வடித்துக் கொடுத்தனர்; கூடவில்லை. கொதிக்கவைத்தல் தன்னளவில் கேடு செய்வதில்லை என்பதும், கொதித்த பின் வடிகட்டாமல் விடுவதே கேட்டுக்கு வழி என்பதும் இதனால் புலனாயின. இக்கட்டுரையின் வாதத்திற்கு இவ்விரண்டாம் ஆய்வே மிக இன்றியமையாதது.

1994-இல் அக்குழுவினர் கஃபெஸ்டாலும் கஹ்வியோலுமே அக்காரணிகள் என அறிவித்தனர். தூய கஃபெஸ்டாலைத் தனியே கொடுத்து 1997-இல் வெளியிட்ட ஆய்வு, உயர்வின் பெரும்பகுதி அதனாலேயே நிகழ்கிறது என்று காட்டியது. இரு காப்பி வகைகளிலும் கஃபெஸ்டால் இருப்பதால், மலையின் மேற்பகுதியில் விளையும் அராபிகாவாயினும் கீழ்ச்சரிவின் ரொபஸ்டாவாயினும் வடிகட்டாமல் அருந்தினால் இவ்விளைவிலிருந்து முற்றிலும் தப்ப இயலாது.

இவ்விளைவு சில வாரங்களில் மறைந்துபோவதுமன்று. அழுத்துக் குடுவையில் தயாரித்த காப்பியை 24 வாரம் அருந்தியோரிடம் எல்.டி.எல். என்னும் தீய கொலஸ்டிரால் அக்காலம் முழுவதும் உயர்ந்தே இருந்தது என 1996-இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. அருந்துவதை நிறுத்தினால் அது மீண்டும் இறங்கும் என்பது ஆறுதலான செய்தி.

5. உடலில் நிகழ்வது

கல்லீரல் தன்னிடமுள்ள கொலஸ்டிராலின் ஒரு பகுதியைப் பித்த அமிலங்களாக மாற்றுகிறது. உடல் கொலஸ்டிராலைச் செலவழிக்கும் முதன்மை வழிகளுள் ஒன்று இது. குடலில் பித்த அமிலம் போதிய அளவு உள்ளதா என்பதை அறிய ஓர் உணரி புரதம் உண்டு. போதுமான அளவு இருப்பின் அது கல்லீரலுக்குச் செய்தி அனுப்பி, மேலும் உண்டாக்குவதைக் குறைக்கச் செய்யும்.

அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரிலுள்ள பேய்லர் மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் எலிகளைக் கொண்டு செய்து 2007-இல் வெளியிட்ட ஆய்வின்படி, கஃபெஸ்டால் இவ்வுணரியைத் தூண்டுகிறது. பித்த அமிலம் போதுமான அளவு இருப்பதுபோன்ற பொய்ச்செய்தி கல்லீரலுக்குச் செல்கிறது. கல்லீரல் தன் பணியைக் குறைத்துக்கொள்ள, செலவாகியிருக்க வேண்டிய கொலஸ்டிரால் தங்கிவிடுகிறது. மடை அடைபட்டால் வாய்க்காலில் நீர் ஏறுவதைப் போன்றதே இது. உணவின் வழியாகக் கொழுப்பு புகுவதால் நிகழும் உயர்விலிருந்து இது வேறுபட்டது. ஆதலால், பாலோ எண்ணெயோ சேராத வெறும் கறுப்புக் காப்பியும் கொலஸ்டிராலை உயர்த்தக்கூடும்.

6. தமிழரின் காப்பி: சொல்லும் செய்முறையும்

காப்பி தமிழ்நாட்டு நடுத்தர வகுப்பினரிடையே 19-ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் பரவிய வரலாற்றை ஆ. இரா. வேங்கடாசலபதியின் 'அந்தக் காலத்தில் காப்பி இல்லை' (2000) விரிவாக ஆராய்கிறது. பழைய சோற்றையும் நீராகாரத்தையும் காப்பி இடம்பெயர்த்தது அக்காலத்தோரைக் கவலைகொள்ளச் செய்தது. காப்பி உடலைக் கெடுக்கும் என்ற கண்டனமும், அது நாகரிகத்தின் அடையாளம் என்ற பெருமிதமும் ஒருங்கே நிலவின. உடல்நலத்தைப் பற்றிய அப்பேச்சு பெரிதும் பண்பாட்டு மாற்றத்தைப் பற்றிய பேச்சாகவும் அமைந்தது.

செய்முறையின் வரலாற்றுக்கு மொழிவழக்கே நல்ல சான்று. தமிழில் காப்பியைக் 'காய்ச்சுதல்', 'போடுதல்', 'இறக்குதல்', 'ஆற்றுதல்' என நான்கு வினைகளால் சுட்டுகிறோம். இவற்றுள் 'காய்ச்சுதல்' அடுப்பில் கொதிக்கவைப்பதையும், 'இறக்குதல்' பில்டரில் சொட்டுச் சொட்டாக வடியவிடுவதையும் குறிக்கும். பில்டரில் இறங்குவதை நாம் 'டிகாஷன்' என்கிறோம். ஆங்கிலத்தில் அச்சொல் கொதிக்கவைத்து எடுக்கும் சாற்றைக் குறிப்பது. நம் மருத்துவ மரபின் கஷாயத்திற்கு இணையானது. ஆனால் பில்டரில் தூள் கொதிப்பதில்லை. சூடான நீர் அதன் வழியே மெல்ல இறங்குகிறது. பில்டர் பரவுவதற்கு முன்பிருந்த கொதிக்கவைக்கும் முறையின் எச்சமாக இச்சொல் தங்கியது எனக் கருத இடமுண்டு. எவ்வாறாயினும், 'டிகாஷன் காப்பி' என்னும் பெயரை மட்டும் கண்டு அயல்நாட்டு ஆய்வாளர் அதனைக் கொதிக்கவைத்த காப்பியோடு சேர்த்துவிடும் ஆபத்து உள்ளது. நகைச்சுவையாக வழங்கும் 'கொட்டை வடிநீர்' என்னும் மொழிபெயர்ப்பே செய்முறைக்கு நெருக்கமானது.

போடி வட்டாரத்தில் இன்று வழங்கும் காப்பிகளை ஐந்தாக வகுக்கலாம்.

முதலாவது பில்டர் காப்பி. பித்தளையாலோ எவர்சில்வராலோ ஆன இரு அடுக்குப் பாத்திரத்தின் மேலடுக்கில் தூளை அழுத்தி, வெந்நீர் ஊற்றி, கீழடுக்கில் இறங்கும் டிகாஷனைப் பாலில் கலப்பது. தூளில் பெரும்பாலும் சிக்கரி சேர்ந்திருக்கும். சிக்கரி ஒரு செடியின் வேர். அதில் இச்சேர்மங்கள் இல்லை.

இரண்டாவது துணியில் வடிக்கும் காப்பி. கொதித்த தூளைத் துணியில் ஊற்றி வடிப்பது. தேநீர்க் கடைகளின் துணிப்பையும் வீடுகளில் இதற்கென ஒதுக்கிய வெள்ளைத் துணியும் இவ்வகையின.

மூன்றாவது முன்னர் விளக்கிய வரக்காப்பி. நான்காவது உடனடிக் காப்பித்தூளில் கலப்பது. தொழிற்சாலையில் பிரித்தெடுக்கும்போதே எண்ணெய்ப் பகுதி பெரும்பாலும் நீங்கிவிடுவதால் இதில் இச்சேர்மங்கள் மிகக் குறைவு.

ஐந்தாவது, காப்பி என்னும் பெயரை மட்டும் கொண்டவை. சுக்கும் கொத்துமல்லி விதையும் கருப்பட்டியும் சேர்த்துக் காய்ச்சும் சுக்குமல்லிக் காப்பியில் பல வீடுகளில் காப்பிக் கொட்டையே இருப்பதில்லை. 'நாளொன்றுக்கு எத்தனை முறை காப்பி அருந்துவீர்கள்' என்னும் கேள்விக்கு 'மூன்று' என விடையளிக்கும் ஒருவர் இவ்வைந்தில் எதனையும் குறித்திருக்கலாம்.

7. தமிழர் அருந்தும் காப்பி அளக்கப்பட்டமை

சிங்கப்பூர், இந்தோனேசியா, இந்தியா ஆகிய நாடுகளின் கடைகளில் திரட்டிய 27 காப்பி மாதிரிகளில் இச்சேர்மங்களை அளந்து, 2011-இல் ஊட்டச்சத்து ஆய்விதழ் ஒன்றில் ஆய்வு வெளிவந்தது. உலோகச் சல்லடை கொண்ட இந்திய பில்டர் காப்பியில் ஒரு குவளைக்குச் சராசரியாக 0.05 மில்லிகிராம் கஃபெஸ்டால் மட்டுமே இருந்தது. சிங்கப்பூரில் நீண்ட துணிப்பையில் வடிக்கும் கோப்பியில் 0.09 மில்லிகிராம். இவையிரண்டும் ஐரோப்பியரின் தாள் வடிகட்டிக் காப்பிக்கு இணையானவை. கொலஸ்டிராலை உயர்த்தும் ஆற்றல் இவற்றில் புறக்கணிக்கத்தக்க அளவே.

இந்தோனேசிய மாதிரிகள் வேறு செய்தியைத் தந்தன. அங்குத் துணிப்பையில் வடித்ததில் 0.85, உலோகச் சல்லடையில் வடித்ததில் 0.98, வடிகட்டாததில் 2.43 மில்லிகிராம் இருந்தன. வடிகட்டாத காப்பியை நாளொன்றுக்கு ஐந்து குவளை அருந்தினால் கொலஸ்டிரால் லிட்டருக்கு 0.33 மில்லிமோல், அதாவது டெசிலிட்டருக்கு ஏறக்குறைய 13 மில்லிகிராம் உயரும் என அவ்வாய்வாளர்கள் கணித்தனர். சிங்கப்பூரின் சீனர், மலாய்க்காரர், இந்தியர் என 3000 பேரிடம் செய்த ஒப்பீட்டில் காப்பி அருந்துவதற்கும் கொலஸ்டிராலுக்கும் குறிப்பிடத்தக்க தொடர்பு காணப்படவில்லை. அவர்கள் அருந்துவது பெரும்பாலும் வடிகட்டிய காப்பி என்பதோடு இது பொருந்துகிறது.

இம்முடிவுகளிலிருந்து இரு நுண்மைகளைப் பெறலாம். முதலாவது, உலோகம் என்பதாலேயே வடிகட்டி பயனற்றதாகிவிடாது. அழுத்துக் குடுவையிலும் நம் பில்டரிலும் உலோகச் சல்லடையே உள்ளது. எனினும், முன்னதில் தூள் முழுவதும் நீரில் ஊறி, பின்னர் கம்பி வலையால் கீழே தள்ளப்படுகிறது. எண்ணெயும் நுண்துகளும் நீரிலேயே தங்குகின்றன. நம் பில்டரில் அழுத்தி வைத்த நுண்தூள் தானே ஒரு படுகையாகிறது. நீர் மெல்ல அதனூடே இறங்கும்போது எண்ணெயும் துகளும் அப்படுகையில் பிடிபடுகின்றன எனக் கொள்ளலாம். டிகாஷன் விரைவில் இறங்கிவிட்டால் 'பில்டர் சரியில்லை' என்று நம் வீட்டுப் பெண்கள் குறைகூறுவது சுவைக்காக. அந்தப் பொறுமை உடலுக்கும் உதவியிருக்கிறது.

இரண்டாவது, துணிகள் அனைத்தும் ஒரே தன்மையன அல்ல. சிங்கப்பூர்த் துணிப்பைக்கும் இந்தோனேசியத் துணிப்பைக்கும் இடையே ஒன்பது மடங்கு வேறுபாடு உள்ளது. நெசவின் நெருக்கமும் அரைப்பின் நுண்மையும் வடிக்கும் முறையும் இதில் பங்குபெறக்கூடும்.

சுவீடனின் உப்சாலாவில் பணியிடக் காப்பி இயந்திரங்களை ஆராய்ந்து 2025-இல் வெளிவந்த கட்டுரை துணியின் ஆற்றலை மேலும் தெளிவாக்கியது. கொதிக்கவைத்த காப்பியில் லிட்டருக்கு 939 மில்லிகிராமாக இருந்த கஃபெஸ்டால், அதனைத் துணியில் வடித்தபோது 28 ஆகக் குறைந்தது. தாளில் வடித்த காப்பியில் அது 12. இவ்வாய்வின் எண்களை 2011 ஆய்வின் எண்களோடு நேராக ஒப்பிடலாகாது. அளக்கும் முறைகள் வேறு. ஓர் ஆய்வுக்குள் காணும் விகிதமே இங்குக் கருதத்தக்கது. துணி ஒன்று முப்பதில் ஒரு பங்காக அதனைக் குறைத்திருக்கிறது.

8. மலையடிவாரத்திற்கான பொருத்தப்பாடு

இனி, பெரியம்மாவின் முடிவை மீண்டும் பார்க்கலாம். பில்டர் காப்பியில் கஃபெஸ்டால் மிகக் குறைவு. ஆனால் பால் உண்டு. பசும்பாலில் 100 மில்லிக்கு ஏறக்குறைய 4 கிராமும் எருமைப்பாலில் ஏறக்குறைய 7 கிராமும் கொழுப்பு இருக்கும். அதன் பெரும்பகுதி எல்.டி.எல். கொலஸ்டிராலை உயர்த்தும் நிறைவுற்ற கொழுப்பு. எனவே பாலைக் குறைக்கச் சொன்ன அறிவுரை சரியானதே. அவர் அதனை நிறைவேற்றிய வழியில்தான் சிக்கல். பாலோடு வடிகட்டியும் போய்விட்டது. பாலின் கொழுப்புக்குப் பதிலாகக் கல்லீரலின் செலவை அடைக்கும் சேர்மம், நாளுக்கு ஐந்து முறை உள்ளே செல்லத் தொடங்கியது. ஒரு பக்கம் இறங்கியது மறுபக்கம் ஏறினால், அடுத்த பரிசோதனையில் 'பாலை விட்டும் பயனில்லை' என்று அவர் மனம் தளர இடமுண்டு.

இச்சிக்கல் தனியொருவருடையதன்று. கறுப்புக் காப்பி உடலுக்கு நல்லது என்னும் கருத்து இன்று பரவலாக உள்ளது. வடிகட்டிய கறுப்புக் காப்பியைப் பொறுத்தவரை அதற்கு ஆதாரமும் உண்டு. நார்வேயில் 5,08,747 பேரை ஏறக்குறைய இருபது ஆண்டுகள் பின்தொடர்ந்து 2020-இல் வெளிவந்த ஆய்வில், வடிகட்டிய காப்பியை நாள்தோறும் ஒன்று முதல் நான்கு குவளை அருந்தியோரிடம் இறப்பு விகிதம் மிகக் குறைவாக இருந்தது. 60 வயதுக்கு மேற்பட்ட ஆண்களிடம் வடிகட்டாத காப்பி இதயநோய் இறப்போடு தொடர்புற்றிருந்தது. ஆனால் 'கறுப்புக் காப்பி' என்னும் சொல் நகரத்தில் பில்டர் டிகாஷனையோ உடனடிக் காப்பியையோ குறிக்க, மலையடிவாரத்தில் வரக்காப்பியைக் குறிக்கிறது. அறிவுரை ஒன்றே, போய்ச் சேரும் குவளை வேறு.

விடியுமுன் ஜீப்பேறும் தொழிலாளரை வரக்காப்பியைக் கைவிடச் சொல்வது நடைமுறைக்கு ஒவ்வாது. மலையில் பால் கிடைப்பது அரிது. பில்டரில் டிகாஷன் இறங்கும்வரை காத்திருக்க நேரமும் இல்லை. அவர்களுக்குத் தேவை ஒரு துண்டு வெள்ளைத் துணி. நெருக்கமான நெசவுள்ள பருத்தித் துணியை இரண்டாக மடித்து, கொதித்த காப்பியை அதில் வடித்தால் போதும். 1991 ஆய்வும் 2025 ஆய்வும் காட்டுவதன்படி, கொதித்த பின் வடித்தாலும் பயன் உண்டு. இதற்குச் செலவும் இல்லை; இம்மக்களுக்குப் புதிய பழக்கமும் அன்று.

9. முடிவுரை

மேற்கண்ட ஆய்விலிருந்து பெறப்படும் கருத்துகள் பின்வருமாறு:

• காப்பியில் கொலஸ்டிராலை உயர்த்தும் முதன்மைச் சேர்மம் கஃபெஸ்டால். அது எண்ணெயில் உள்ளது. வடிகட்டியில் பெரிதும் தங்கிவிடுகிறது.

• 1983 முதல் ஆய்வுகள் முரண்பட்டதற்குப் பெருங்காரணம், காய்ச்சும் முறையைக் கேளாமல் குவளைகளை மட்டும் எண்ணியதே. அதே பிழை தமிழ்நாட்டுக் கணக்கெடுப்புகளில் நேராதிருக்க, எவ்வகைக் காப்பி, வடித்ததா, தெளியவிட்டதா, கொட்டைக் காப்பியா, சுக்குமல்லியா என்னும் வினாக்கள் சேர்க்கப்பட வேண்டும்.

• தமிழரின் பில்டர் காப்பி, பாலின் கொழுப்பு நீங்கலாக, கொலஸ்டிராலைப் பொறுத்தவரை அஞ்சத்தக்கதன்று. 'டிகாஷன்' என்னும் பெயரைக் கொண்டு அதனைக் கொதிக்கவைத்த காப்பியாகக் கொள்ளலாகாது.

• வடிகட்டாத வரக்காப்பி செய்முறையால் துரோம்சோவின் காப்பியை ஒத்தது. கொலஸ்டிரால் மிகுந்தோர்க்குப் பாலைக் குறைக்க அறிவுறுத்தும்போது, காப்பியைத் துணியில் வடித்து அருந்துமாறும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

• போடி மலைச்சரிவுக் கொட்டையில் காய்ச்சிய வரக்காப்பியின் கஃபெஸ்டால் அளவை, துணியில் வடிப்பதற்கு முன்னும் பின்னும் அளந்து ஒப்பிடுவது இவ்வட்டார உயர்கல்வி நிறுவனங்கள் மேற்கொள்ளத்தக்க எளிய ஆய்வாகும்.

பெரியம்மாவிடம் இவற்றைச் சுருக்கிச் சொன்னபோது, அவர் அடுக்களைப் பரணிலிருந்து ஒரு துணியை எடுத்துக் காட்டினார். அவருடைய மாமியார் காப்பி வடிக்க வைத்திருந்த துணி அது, கறையேறிப் பழுப்பாகியிருந்தது. மண்டி நாவில் படாதிருக்க வடித்ததாக நினைவுகூர்ந்தார். வீட்டில் பில்டர் வந்ததும் அத்துணி பரணுக்குப் போயிற்று. பில்டர் நின்றபோது அது திரும்பி வரவில்லை. நாவின் இன்பத்துக்காகக் கைக்கொண்ட வழக்கம் ஒன்று உடலையும் காத்துவந்தது என்பதை, அவ்வழக்கம் நின்ற பிறகே அறிய நேர்ந்திருக்கிறது. அதனை மீட்பது இன்றும் எளிது.